வாசிக்கத் தெரியாத க்ரீம்

டெல்லிக்கு வந்த பிறகுதான் எனக்கு முகம் என்று ஒன்று இருப்பதே உறைத்தது. பாளையங்கோட்டையில் இருந்தவரை காலையில் ஒரு சோப்பு, சாயங்காலம் கொஞ்சம் பவுடர், அவ்வளவுதான். கல்யாணமாகி ஆர்.கே.புரத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், முகம் கழுவித் துண்டால் ஒற்றியதுமே கன்னம் இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. சிரித்தால் உதட்டோரம் வெடித்தது. மே மாதம் அனல்காற்று வீசத் தொடங்கியபோது நெற்றியும் மூக்கும் கருகிப் போயின.

முதல் சில வருஷங்கள் மற்ற எல்லோரையும்போல மருந்துக்கடையில் கிடைத்ததைப் பூசினேன். குளிருக்கு ஒரு கோல்ட் க்ரீம், வேர்க்குருவுக்கும் பருவுக்கும் ஒரு லோஷன், எந்நாளும் ஒரு சிவப்பழகு க்ரீம். சிவப்பழகு க்ரீம் எனக்குப் புதிதல்ல. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அம்மா அதை மாதச் சாமான்களோடு சேர்த்து வாங்க ஆரம்பித்துவிட்டாள். பூசிப் பூசி நான் அதே நிறத்தில்தான் இருந்தேன். அம்மாவும் நம்பிக்கையை விடவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கும் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்திருந்தது. அப்போது ஊரில் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அம்மா போனில் முதலில் சொன்ன விஷயமே என் முகத்தைப் பற்றித்தான்.

“ஏட்டி, போன தடவ வந்தப்பமே ஒரு மாதிரி கறுத்துப்போயி வந்த. பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி நல்லபடியா வந்து நில்லு.”

அன்றைக்குச் சாயங்காலமே மார்க்கெட் முனையில் இருந்த மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், கேட்கவே வேண்டியிருக்கவில்லை. “நிறம் வரணும், அதானே பாபிஜி? இதப் போடுங்க. எல்லாரும் இதான் வாங்கிட்டுப் போறாங்க” என்று சின்ன ட்யூப் ஒன்றை எடுத்து வைத்தார்.

அதிசயம்போல வேலை செய்தது. கல்யாணத்துக்கு நான் போனபோது என் முகத்தில் ஒரு பருவோ புள்ளியோ இல்லை. நிறமும் ஒரு படி வெளுத்திருந்தது. பந்தலில் சொந்தக்காரப் பெண்கள் என்னைச் சுற்றி நின்று “டெல்லித் தண்ணி உனக்கு நல்லா ஒத்துக்கிட்டுது” என்றார்கள். அம்மாவுக்குத் தாங்கமுடியாத பெருமை. மாப்பிள்ளையான தம்பியைவிட என்னைத்தான் அதிகம் பேருக்குக் காட்டினாள் என்று நினைக்கிறேன்.

டெல்லிக்குத் திரும்பியும் விடாமல் பூசினேன். நாளாக நாளாக வெயிலில் நின்றால் முகம் எரிய ஆரம்பித்தது. கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன. தாடை ஓரமாகப் பூனைமுடி வளர்ந்தது. ஒருநாள் பூசாமல் விட்டால் முகம் முழுக்கக் கொப்புளம். பயந்துபோய் அரசாங்க டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கிருந்த பஞ்சாபி டாக்டரம்மா ட்யூபை வாங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.

“இதுல ஸ்டீராய்டு இருக்கு. தோல் வியாதிக்குக் கொஞ்ச நாள் போடுற மருந்து. முகத்துக்கு க்ரீமா போடுறதுக்கு இல்ல. இன்னிக்கே நிறுத்து. நிறுத்தினா முதல்ல இன்னும் மோசமாகும். பயப்படாதே, பொறுத்துக்கோ.”

அவர் சொன்னபடியே மோசமானது. பங்குனி வெயிலில் காய்ந்த வயல்போல முகம் வெடித்துச் சிவந்தது. டாக்டரம்மா கொடுத்த பெட்ரோலியம் ஜெல்லியைப் பூசிக்கொண்டு பஸ் ஏறினால், அலுவலகம் போய்ச் சேருவதற்குள் டெல்லியின் தூசி முழுக்க என் முகத்தில் ஒட்டியிருக்கும். துப்பட்டாவால் கண்ணுக்குக் கீழே எல்லாவற்றையும் மூடிக்கொண்டு போனேன், வந்தேன். கண்ணாடி பார்ப்பதை விட்டேன். என் கணவர் குளியலறைக் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் உயரத்தில் மாட்டிவைத்தார். தனக்குச் சவரம் செய்ய வசதியாக இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலி இம்பாலிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு. முனிர்காவில் வாடகை அறையில் இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது ஹிந்தியில். இருவருக்குமே அதில் ஆண்பால் பெண்பால் தாறுமாறாக வரும் என்பதால் ஒருவருக்கொருவர் கூச்சம் கிடையாது. தெருவில் அவளைக் கண்ணைக் கேலி செய்கிற ஒரு பெயர் சொல்லியும் என்னை மதராசி என்றும் கூப்பிடுகிறவர்கள் ஒரே ஆட்களாகத்தான் இருந்தார்கள். டெல்லி ஜனவரியில்கூட அவள் முகம் உரிந்து நான் பார்த்ததில்லை.

“தினமும் மூஞ்சிய மூடிக்கிட்டு வர்றியே, எந்த பேங்க்ல கொள்ளையடிக்கப் போற?” என்று கேட்டாள் ஒருநாள். நான் துப்பட்டாவை இறக்கிக் காட்டினேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். மறுநாள் ஒரு வெள்ளை டப்பாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

“கொரியாவோடது. எங்க அக்கா அனுப்புனா. எங்க ஊர்ல இப்ப எல்லாரும் கொரியா சீரியல்தான் பாக்குறாங்க, கொரியா க்ரீம்தான் பூசுறாங்க.”

“கொரியாவுல இருந்து இம்பாலுக்கு எப்படி வருது?”

“பர்மா வழியா. எல்லையில மோரேன்னு ஒரு ஊரு. அங்க கடை வச்சிருக்கிறதுல பாதிப்பேரு உங்க ஆளுங்க.”

“எங்க ஆளுங்கன்னா?”

“மதராசிங்கதான். தமிழ் பேசுவாங்க. கோயில்கூட இருக்கு. அக்கா அங்க போனா இட்லி சாப்பிடாம வரமாட்டா.”

நான் நம்பவில்லை. பிறகு விசாரித்ததில் உண்மைதான். ஒரு காலத்தில் பர்மாவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே தங்கிவிட்டிருந்தன. கொரியாவில் செய்த க்ரீம் எந்தெந்த மலையெல்லாம் ஏறி இறங்கி வந்து, ஒரு தமிழ்க் கடைக்காரர் கைமாறி என்னிடம் வந்திருக்கிறது என்று நினைத்தபோது அந்த டப்பாமேல் ஒரு பிரியம் வந்தது. ஆனால் டப்பாவில் இங்கிலீஷில் ஒரு வரிகூட இல்லை. என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வட்டமும் கோடுமால்லா கெடக்கு. ஏற்கெனவே ஒண்ணப் பூசி பட்டது பத்தாதா? இது கரப்பான்பூச்சி மருந்தா இருந்தா?”

“அவ பூசுதாள்லா.”

“அவ மூஞ்சி வேற, உன் மூஞ்சி வேற.”

முதலில் முழங்கை மடிப்பில் பூசிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு இடது கன்னத்தில் மட்டும். காலையில் எழுந்து தொட்டுப் பார்த்தால் வலது பக்கம் சொரசொரவென்று இருந்தது, இடது பக்கம் எரியாமல் அடங்கிக் கிடந்தது. அன்றிலிருந்து முகம் முழுக்கப் பூச ஆரம்பித்தேன். அதற்கு மணமே கிடையாது, பிசுபிசுப்பும் இல்லை. வாரங்கள் போகப் போகச் சிவப்பு இறங்கியது. குளிர் தொடங்கும்போது துப்பட்டா கழுத்துக்கு இறங்கிவிட்டது.

டாக்டரம்மாவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் டப்பாவைக் காட்டியதும் முகம் மாறியது. “எனக்கே படிக்கத் தெரியாததை உனக்குப் போடச் சொல்ல முடியாது. இதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் போடு” என்றார். நியாயம்தான். ஆனால் டெல்லியில் கொரிய எழுத்துப் படிக்கிறவரை எங்கே போய்த் தேடுவது? டப்பாவைக் கைப்பையில் போட்டு வைத்துக்கொண்டேன்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குச் சனிக்கிழமைகளில் போவது எங்கள் வழக்கம். முருங்கைக்காய், வாழைப்பூ, சின்ன வெங்காயம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது அங்கேதான். தமிழர்கள், மலையாளிகள், தூதரகத்து வெள்ளைக்காரர்கள், ஜப்பான்காரர்கள் என்று எல்லோரும் ஒரே சேற்றை மிதித்துக்கொண்டு நடப்பார்கள். அன்றைக்கு நான் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குழந்தை “அப்பா! அப்பா!” என்று கத்தியது. தமிழ்க் குழந்தைதான் தொலைந்துவிட்டது என்று திரும்பினேன். முள்ளங்கிக் குவியலுக்குப் பக்கத்தில் குட்டையாக முடி வெட்டிய ஒரு கொரியக் குழந்தை நின்றுகொண்டிருந்தாள். கொரியாவிலும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று இம்பால்காரி சீரியல் பார்த்துச் சொல்லியிருந்தாள். அவளுடைய அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார். அம்மா முள்ளங்கி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வெட்கம் பார்க்க நேரமில்லை. கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினேன். “ப்ளீஸ்... ரீட்?” என்றேன். என் முகத்தைக் காட்டினேன், டப்பாவைக் காட்டினேன், கையை விரித்தேன்.

அவள் முள்ளங்கியைக் கீழே வைத்துவிட்டு டப்பாவை வாங்கிப் படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு கைகளையும் தொட்டில்போலச் சேர்த்து இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினாள். “பேபி,” என்றாள். “பேபி க்ரீம்.” தன் பெண்ணின் கன்னத்தைக் கிள்ளிக் காட்டினாள். பிறகு இன்னும் கீழே, குழந்தையின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். அங்கேயும் பூசலாமாம்.

காய்க்காரர் முதற்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முகம் முழுக்கச் சிரித்து எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன, வாயோரம் வெடிக்கவில்லை.

அவள் விடவில்லை. தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷிலும் இரண்டு மூன்று ஹிந்தி வார்த்தைகளிலும் டப்பாவில் எழுதியிருந்ததை வரி வரியாகச் சொல்லப் பார்த்தாள். வாசனை இல்லை, நிறம் இல்லை, மருந்து இல்லை, அரிசியிலிருந்தும் ஓட்ஸிலிருந்தும் எடுத்தது. “அச்சா, அச்சா” என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னதும், அவர் “அப்ப இனிமே உன்னத் தொட்டில்லதான் போடணும்” என்றார்; பல நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவும் தலையசைத்தார். “குழந்தைக்குப் போடுறதுன்னா போடு” என்றார்.

அதன்பிறகு பல சனிக்கிழமைகளில் அந்தக் கொரியப் பெண்ணை அதே காய்க்கடையில் பார்த்தேன். அவள் கணவருக்கு நொய்டாவில் ஏதோ தொழிற்சாலையில் வேலை. அவள் என்னை “ஒன்னி” என்று கூப்பிட்டாள். எனக்கு அது “அண்ணி” என்றுதான் காதில் விழுந்தது. அவர்கள் ஊரில் ஒரு பெண் தன் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவாளாம். என்ன முறையாக இருந்தால் என்ன, நான் திரும்பிப் பார்த்தேன்.

மார்க்கெட்டின் உள்பக்கம் வெளிநாட்டுச் சாஸும் நூடுல்ஸும் விற்கிற கடைகளில் ஒரு மூலையில் க்ரீம்களும் இருக்கும். அவள்தான் என்னை அங்கே அழைத்துக்கொண்டு போனாள். எதை எடுத்தாலும் முதலில் பின்பக்கம் படித்தாள்; எனக்காக என்று எடுத்தவற்றில் பாதியைத் திரும்ப வைத்தாள். முகத்தைத் தேய்க்காமல் கழுவுவதற்கு ஒன்று, ஈரம் காய்வதற்குள் பூசுவதற்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. இதற்கு மேல் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

எல்லாம் எனக்குப் பொருந்தியது என்று சொல்லமாட்டேன். வெயிலுக்கு வாங்கிய லோஷனை முதல்நாள் பூசிக்கொண்டு வந்து நின்றபோது என் கணவர் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

“என்னட்டி இது, வெள்ளையடிச்ச செவரு மாதிரி வந்து நிக்க?”

அது அவர்கள் நிறத்துக்குச் செய்தது. என் நிறத்தில் அது திருநீறுபோல நின்றது. பட்டாணி அளவு எடுத்து, க்ரீமோடு கலந்து, நன்றாகப் பரத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால் அடங்கும் என்று நானாகக் கண்டுபிடித்தேன். அந்தக் கடை அலமாரியிலும் வெளுக்கவைக்கிற க்ரீம்கள் வரிசையாக இருந்தன. கொரியப் பெண்ணே ஒன்று வைத்திருந்தாள், குடையில்லாமல் வெளியே வரமாட்டாள். நிறப் பைத்தியம் எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை என்று தெரிந்தது. நான் அந்த வரிசையைத் தாண்டிப் போக மட்டும் கற்றுக்கொண்டேன்.

ஒருநாள் பழைய மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்து, “பாபிஜி, முகம் நல்லா இருக்கே, என்ன போடுறீங்க?” என்று கேட்டார். அவர் கொடுத்த ட்யூப் என்ன செய்தது என்று சொன்னேன். யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். “நான் கொடுக்கலேன்னா அடுத்த கடையில வாங்குவாங்க” என்றார். காய்ச்சல் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த குளிருக்கு அம்மா வந்தாள். பெட்டியைத் திறந்ததும் முறுக்கு, சாம்பார்ப்பொடி, கஸ்தூரி மஞ்சள், அதற்கு அடியில் சிவப்பழகு க்ரீம் ஒரு டஜன்.

“நல்லாத்தான் இருந்த. கல்யாணத்துல ஊரே கண்ணு வச்சிட்டுது. இப்ப பழையபடி ஆயிட்ட” என்றாள்.

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். போனில் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவள் என் தாடையைப் பிடித்துக் கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். “எரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்டாள். எரிந்தது என்றேன். அந்த க்ரீம்கள் பெட்டியிலிருந்து வெளியே வரவேயில்லை.

ஆனால் கொரிய டப்பாவை அவள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. “ஏட்டி, நாம சைவம்லா. இதுல பன்னிக்கொழுப்பு கெடந்தா என்ன செய்வ?”

சனிக்கிழமை அவளையும் மார்க்கெட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். கொரியப் பெண்ணிடம் பன்றிக்கு எப்படிச் சைகை காட்டுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அம்மா மூக்கை விரலால் அழுத்தித் தூக்கி “உர்... உர்...” என்று உறுமிக் காட்டினாள். பாளையங்கோட்டையில் குனிந்த தலை நிமிராமல் கோயிலுக்குப் போகிற என் அம்மா! கொரியப் பெண் டப்பாவை வாங்கிப் பொறுமையாக முழுக்கப் படித்துவிட்டு “நோ உர் உர்” என்றாள். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு மார்க்கெட் முழுக்க உறுமிக்கொண்டே நடந்தது.

அம்மா அன்று சாயங்காலமே வெடித்திருந்த தன் கைகளுக்கு அதைப் பூசினாள். ஊருக்குப் போகும்போது ஒரு டப்பாவைப் புடவைக்குள் சுற்றிக்கொண்டு போனாள். அவள் கொண்டுவந்திருந்த செக்கு நல்லெண்ணெயில் ஒரு பாட்டிலைக் கொரியப் பெண்ணுக்குக் கொடுத்தோம். சமையலுக்கு அவளுக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் எள்ளை வறுத்து ஆட்டுவார்களாம். தலைக்குத் தேய்த்துக் குளித்துப் பார்த்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று கேட்டாள். அதிலிருந்து ஊரிலிருந்து யார் வந்தாலும் எண்ணெய் வந்தது.

அவள் கணவருக்கு மாற்றல் ஆனது மறு வருஷம். போவதற்கு முன் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். சாமான்களுக்கு நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தாள். முதலில் தன் கைகளை விரல் விரலாகக் கழுவினாள். பிறகு என் முகத்தைக் கழுவினாள்.

யாரும் அப்படி என் முகத்தைத் தொட்டதில்லை. நானே தொட்டதில்லை. நான் எப்போதும் தேய்த்தேன், சுரண்டினேன், பூசி மறைத்தேன். அவள் நுரையை மட்டும் நகர்த்தினாள். துண்டை ஒற்றி எடுத்தாள். க்ரீமை இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்துச் சூடாக்கி, என் கன்னங்களின்மேல் வைத்து, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். இப்படித்தான் என்று கண்ணாலேயே சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நிம்மதியாக இருந்தது, தூக்கம் வருகிற மாதிரி.

கண்ணைத் திறந்தபோது அவள் பெண் எனக்கு எதிரில் ஒரு பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்திக் காத்துக்கொண்டிருந்தாள். அவள் முறையாம். நான் கைகழுவிக்கொண்டு வந்தேன். கொஞ்சம் க்ரீமை எடுத்து உள்ளங்கையில் சூடாக்கி, அந்தச் சின்னக் கன்னங்களில் வைத்தேன். கைக்குள் அடங்கிவிட்ட முகம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அசையாமல் இருந்தாள். கையை எடுத்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். பிறகு மறுபடியும் முகத்தை நீட்டினாள்.

இன்னும் கொஞ்சம் எடுத்துப் பூசினேன்.